கண்ணாடிக்கு மட்டும் வீசும் காற்று

அக்கினித் தலத்தில் ஏசி மெக்கானிக்காக இருக்கக் கொஞ்சம் நெஞ்சழுத்தம் வேண்டும். சாமியே நெருப்பாக நின்ற ஊர் இது. இங்கே மலை தெரிகிற தூரத்திலேயே ஒரு தகர ஷெட் போட்டு, ‘கார்களுக்குக் குளிர்ச்சி செய்து தரப்படும்’ என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பவனைச் சாமி எந்த வரிசையில் நிற்க வைக்கும் என்று மணிவேலுக்கே சந்தேகம் உண்டு. அதனால் தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவான். அதில் பாதி பக்தி, பாதி முன்ஜாமீன்.

ஷெட் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் போகிற ரோட்டில் இருந்தது. வாடகைக் கார்கள் வரும், டாக்டர் வீட்டுக் கார்கள் வரும், எப்போதாவது ஒரு அதிகாரியின் ஜீப் வரும். வந்த வண்டியை எல்லாம் ஊட்டியாக்கி அனுப்பிவிட்டு, மணிவேல் மட்டும் தகரத்துக்குக் கீழே அப்பளமாகப் பொரிந்துகொண்டிருப்பான். நாற்பதைத் தொட்டுவிட்ட ஆள். கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், “வீட்ல பாத்துக்கினு இருக்காங்க” என்பான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் களைத்துப்போய் வேறு யார் யாருக்கோ பார்க்கப் போய்விட்டார்கள்.

அந்த ஷெட்டுக்குள் ஆனி மாசத்தில் ஒரு நாள், நாவல்பழ நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாக ஊர்ந்து வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு செருப்புக் கால் வந்தது. பிறகு ஒரு கை கூரையைப் பிடித்தது. பிறகு, கிணற்றுப் படியில் ஏறி வருகிறவள் மாதிரி, அருணாதேவி வெளியே வந்தாள்.

கீழ்பென்னாத்தூர்க்காரி. சென்னையில் ஒரு படக் கம்பெனியை மூடியபோது, மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த அந்த வெளிநாட்டு வண்டியை அவள் அப்பா சுப்பிரமணி ஏதோ ஒரு மயக்கத்தில் வாங்கி வந்துவிட்டார். முப்பது வருஷத்துப் பழசு. இரண்டே இரண்டு சீட்டு. மூட்டை ஏற்ற முடியாது, ஆட்டுக்குட்டிகூட ஏற்ற முடியாது. அப்பா போன பிறகு, வீட்டில் நின்ற அந்த அழகான உபயோகமின்மையை அருணாதேவி மாப்பிள்ளை அழைப்பு வண்டியாக மாற்றினாள். செஞ்சி ரோட்டிலிருந்து செங்கம் ரோடு வரைக்கும் எந்த மண்டபத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றாலும் முன்னால் பேண்டு, நடுவில் நாவல்பழம், பின்னால் சொந்தபந்தம். ஓட்டுவது அவளேதான்.

“ஏங்க, ஏசி கண்ணாடிக்கு மட்டும்தான் அடிக்குது. மாப்பிள்ளைக்கு வரல” என்றாள்.

வண்டியின் கோளாறு அந்த ஒரு வாக்கியத்தில் முழுசாக இருந்தது. ஆனால் மணிவேலின் காது முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டது. இந்த ஊரில் ஸ்கூல் பிள்ளையிலிருந்து தாசில்தார் அம்மா வரைக்கும் ஒரு மெக்கானிக்கை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயதிலிருந்து அவன் ஊருக்கே அண்ணன். இவள் கூப்பிடவில்லை.

“வாய் தவறி விட்டுட்டிருப்பா” என்றாள் பக்கத்து டீக்கடை ராஜம்மாள். அவளுக்கு அடுத்தவர் சமாசாரம் என்றால் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது. “அடுத்த வாட்டி வரட்டும், பாரு. அண்ணானு ஒரு போடு போடுவா.”

அடுத்த வாட்டி வந்தாள். போடவில்லை.

“அப்போ ஏதோ கீதுடா” என்று ராஜம்மாள் அன்றைக்கு டீயில் சர்க்கரையை ஜாஸ்தியாகப் போட்டுக் கொடுத்தாள்.

இனி அந்த வண்டியின் நோயைச் சொல்ல வேண்டும். மற்ற கார்களில் ஏசிக் காற்றை முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று திருப்பிவிடும் மடல்களைக் கம்பியோ சின்ன மோட்டாரோ அசைக்கும். இந்தப் பழைய வண்டியில் அதைச் செய்வது வேக்கம். இஞ்சின் மூச்சை உள்ளே இழுக்கிறதல்லவா, அந்த உறிஞ்சலில் கொஞ்சத்தை மெல்லிய ரப்பர் ஓஸ்கள் வழியாகக் கடன் வாங்கி, டாஷ்போர்டுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கிண்ணங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். கிண்ணம் உறிஞ்சும், மடல் திரும்பும், முகத்தில் காற்று. அந்த உறிஞ்சல் வந்து சேராவிட்டால் ஸ்பிரிங் மடலை இழுத்துக்கொள்ளும், காற்று மொத்தமும் முன் கண்ணாடிக்குப் போய்விடும். இதை வடிவமைத்தவன் யாரோ யோசித்திருக்கிறான்: எல்லாம் கைவிட்டாலும் ஓட்டுகிறவனுக்குப் பாதையாவது தெரியட்டும் என்று. செல்போனில் வெளிநாட்டு வீடியோக்களைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, கால்வாசி புரிந்துகொண்டு, மணிவேல் இதைக் கண்டுபிடித்த இரவு அவனுக்கு ஏனோ கண் கலங்கியது. மடலை நினைத்தா, தன்னை நினைத்தா என்று அவன் ஆராயவில்லை.

வெறும் இன்மை போய் ஒரு வேலை செய்கிறது என்பது அவனுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. “சிதம்பரத்துக்காரன் பாக்க வேண்டிய வண்டி இது. ஒண்ணுமில்லாததுதான் அங்க சாமி” என்று ராஜம்மாளிடம் சொன்னான்.

“உன் மண்டைக்குள்ளயும் அதேதான், பக்கத்துலயே பாத்துக்கலாம்” என்றாள் அவள்.

நோய் ஒரு கள்ள நோய். கீழ்பென்னாத்தூரிலிருந்து வண்டி சூடாக வரும்போது காற்று கண்ணாடிக்குத்தான் அடிக்கும். மணிவேல் பானட்டைத் தூக்கிவிட்டு, “ஆறட்டும்ங்க, சூட்டுல கைய வெக்கக் கூடாது” என்பான். அது தொழில் விதி. அந்த விதியை அவன் வேறு எந்த வண்டிக்கும் இவ்வளவு பயபக்தியோடு கடைப்பிடித்ததில்லை. அது ஆறுகிற நேரமெல்லாம் அருணாதேவி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். ஆறிய பிறகு ஸ்டார்ட் பண்ணினால் காற்று ஒழுங்காக முகத்துக்கு வரும். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுவிடுகிற குழந்தை மாதிரி.

முதல் தடவை ஒரு வால்வை மாற்றினான். போனாள், திரும்பி வந்தாள். ஆடி மாசத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் நிதானமாகப் பார்க்கச் சொல்லி வண்டியை விட்டுவிட்டே போனாள். ஓஸ் எங்கேயோ வெடித்துக் கசிகிறது என்று மணிவேல் முடிவு கட்டினான். கசிவு கண்டுபிடிக்க வெளிநாட்டில் புகை மெஷின் வைத்திருக்கிறார்கள். ஓசுக்குள் புகையை ஏற்றினால் ஓட்டை இருக்கும் இடத்தில் புகை எட்டிப்பார்க்கும். மணிவேலிடம் மெஷின் இல்லை. ஒரு பெயிண்ட் டப்பா, ஒரு சைக்கிள் பம்பு, கடைத்தெருவில் வாங்கிய சாம்பிராணி இருந்தது.

ஒரு மத்தியானம் முழுக்க அந்தத் தகர ஷெட் கர்ப்பக்கிருகமாக இருந்தது. நாவல்பழ வண்டி புகைக்குள் மிதந்தது. புகை ஒரு ஓட்டையிலும் எட்டிப்பார்க்காமல், ஓஸ்களுக்குள் பதவிசாகப் போய், கிண்ணங்களில் நிரம்பி, அங்கேயே குடித்தனம் வைத்தது. கசிவு இல்லவே இல்லை. மணிவேல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, புகைக்குள் தெரிந்த ஓட்டுநர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ராஜம்மாள் எட்டிப்பார்த்து, “பூசை ஆச்சா? சுண்டல் குடுப்பியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் அந்த வண்டியில் ஏறிய மாப்பிள்ளையின் அம்மா, “இன்னா ஒரு தெய்வீக வாசன!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். மாப்பிள்ளைக்குத்தான் பாதி ஊர்வலத்தில் வேர்த்து, மூஞ்சியில் போட்டிருந்த பவுடர் வழிந்து சட்டைக் காலர் ரோஜா நிறமாகிவிட்டது. மண்டப வாசலில் பெண் வீட்டார் ஆரத்தியை மறந்துவிட்டு அவனையே பார்த்தார்களாம்.

இதைச் சொல்ல அருணாதேவி மூன்றாவது தடவை வந்தபோது அவள் சிரிக்கவில்லை.

“ஏங்க, இதோட கடைசி. ஞாயித்துக்கிழம ஒரு முகூர்த்தம் இருக்கு. அதுலயும் இப்படி ஆச்சுனா எவனும் என் வண்டிய கூப்புட மாட்டான். ஓசூர்ல அக்கா வூட்டுக்கே வந்துடுனு கூப்புடுறாங்க. ஸ்கூல் வேன் ஓட்ட ஆள் வேணுமாம். வண்டிய ஒருத்தன் கேக்குறான், குடுத்துட்டு நானும் அம்மாவும் போயிடலாம்னு இருக்கோம்.”

மணிவேலுக்குத் தகரம் தலையில் இறங்கியது மாதிரி இருந்தது. இதுவரை அவன் மனசின் ஓரத்தில் ஒரு சின்னக் கள்ளத்தனம் இருந்தது. வண்டி சரியாகிவிட்டால் இவள் எதற்கு வரப்போகிறாள்? கோளாறு இருக்கிற வரைக்கும்தானே இந்தப் பெஞ்சும் டீயும்? இப்போது கணக்கு தலைகீழாகத் திரும்பிவிட்டது. சரி பண்ணாவிட்டால் ஓசூர். சரி பண்ணினால் கீழ்பென்னாத்தூரோடு சரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்று கண்ணாடிக்குத்தான் போகிறது.

ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது அவன் ஒன்றை முடிவு செய்தான். தன் பாடு பிறகு, முதலில் வண்டி.

“ஷெட்ல நின்னா இது நடிக்கும்ங்க. ஓடும்போதே பாக்கணும். மலைய ஒரு சுத்து சுத்தி வரலாமா?” என்றான்.

பௌர்ணமி இல்லாத நாள். ரோடு காலியாக இருந்தது. அப்போதுதான் ஒரு சாரல் பெய்து விட்டிருந்தது. தார் ரோட்டிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. மணிவேல் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு ஓஸைக் கழற்றி நடுவில் ஒரு வேக்கம் மீட்டரை இணைத்து மடியில் வைத்துக்கொண்டான். வட்ட முகம், ஒரு முள். முள் உயரத்தில் நின்றால் உறிஞ்சல் வருகிறது, விழுந்தால் போய்விட்டது. எந்த இடத்தில், எப்போது விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை சீட்டில் அவன் உட்கார்ந்ததும் பூமி பக்கத்தில் வந்துவிட்டது. அவ்வளவு தாழ்ந்த சீட்டு. போகிற ஆட்டோக்களின் சக்கரம் கண்ணுக்கு நேராகச் சுற்றியது. சாமியார்களின் முழங்கால்கள் மட்டும் நடந்து போயின. அங்கிருந்து பார்க்கும்போது மலை இன்னும் உயரமாக, ஆனால் எடையே இல்லாததாக, மேகத்தோடு சேர்ந்து நகர்வது மாதிரி இருந்தது. முகத்தில் குளுகுளுவென்று காற்று. முள் உயரத்தில் நின்றது.

“இந்த சீட்ல உக்காந்தா எல்லாரும் பேச ஆரம்பிச்சிடுவாங்க” என்றாள் அருணாதேவி, ரோட்டைப் பார்த்தபடியே. “ரெண்டு சீட்டுதானே? காலையில இருந்து ஐம்பது பேர் நடுவுல இருந்தவன் இங்கதான் முதல் தடவையா தனியா உக்கார்றான். வெளிய பேண்டு அடிப்பான், வெடி போடுவான். உள்ள இவன் அழுவான்.”

“அழுவாங்களா?”

“பாதிப் பேர். போளூர்க்காரர் ஒருத்தர், ‘மேடம், பொண்டாட்டிய எப்படி கூப்புடுறது, பேர் சொல்லியா, வாங்க போங்கனா?’னு கேட்டு, மண்டபம் வர்ற வரைக்கும் என்கிட்டயே சொல்லிப் பாத்துக்கினு வந்தார். இன்னொருத்தர் இன்னும் ஒரு தடவ சுத்திட்டுப் போலாம்னு கெஞ்சுறார். பேண்டுக்காரன் மூச்சு போயிடும்னேன். இதுவரைக்கும் பயப்படாத மாப்பிள்ளை ஒருத்தன நான் பாத்ததே இல்லங்க.”

“உங்களுக்கு…” என்று ஆரம்பித்துவிட்டு, மணிவேல் மீட்டரைப் பார்த்தான்.

“எனக்கா? வந்தாங்க நாலஞ்சு பேர். வண்டி ஓட்டறத விட்டுடணும்னாங்க. நான் அவங்களையே விட்டுட்டேன்.”

யம லிங்கம் போயிற்று. நிருதி லிங்கம் போயிற்று. மரங்களின் நிழல் பானட்டின் மேல் ஏறி, கண்ணாடியில் நழுவி, மடியில் விழுந்து பின்னால் போனது. அவன் இதுவரை எத்தனையோ தடவை நடந்த பாதை. வெறுங்காலோடு, வேண்டுதலோடு, பக்கத்தில் வருகிறவனின் வேர்வையோடு. இப்படி சத்தமில்லாமல் மிதந்ததில்லை. மலை ஒவ்வொரு வளைவிலும் வேறு ஆளாக மாறியது. ஒரு பக்கம் படுத்திருந்தது. ஒரு பக்கம் எழுந்து உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் இவனைப் பார்த்து, ‘இன்னாடா, எங்க போற?’ என்று கேட்டது. எங்கேயும் போய்ச் சேராமல் இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால்கூடப் போதும் என்று மணிவேலுக்குத் தோன்றியது. இன்னொரு சுற்றுக்குக் கெஞ்சிய அந்த மாப்பிள்ளையின் மனசு அவனுக்கு இப்போது நன்றாகப் புரிந்தது.

வருண லிங்கம் தாண்டியதும் அவன் முகத்தில் காற்று குறைந்தது. யாரோ மெதுவாகக் கதவைச் சாத்துகிற மாதிரி. மடியில் முள் தயங்கியது, இறங்கியது, படுத்தது. டாஷ்போர்டுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். காற்று கண்ணாடிக்குப் போய்விட்டது.

“பாத்தீங்களா! வாயு லிங்கம் வர்றதுக்கு முன்னாடியே வாயு போயிடுச்சு” என்றாள்.

சில்லென்ற காற்று பட்டதும் முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஈரக் காற்று பனியாகப் படிந்தது. மலை கரைந்தது, ரோடு கரைந்தது, எதிரே வந்த மாடு ஒரு வெள்ளை நினைவாக மாறியது. அவள் மழையில்லாமல் வைப்பரைப் போட்டாள். மாடு மாடானது, திரும்பவும் கரைந்தது.

அடி அண்ணாமலையில் ஒரு பொரி கடை ஓரமாக நிறுத்தினார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை மணிவேல் ஆறவிடவில்லை. பானட்டைத் தூக்கி, இஞ்சின் பக்கத்து முனையில் மீட்டரை வைத்துப் பார்த்தான். முள் துள்ளிக்கொண்டு மேலே போனது. மூச்சு இங்கே இருக்கிறது, உள்ளே போய்ச் சேரவில்லை. நடுவில்தான் எங்கேயோ. ஓஸை விரல்களால் தடவிக்கொண்டே போனான். ஓரமாக, நேரடியாகச் சூடு படாத ஒரு மூலையில், விரல் ஒரு முடிச்சில் தட்டி நின்றது.

மஞ்சள் கயிறு. நடுவில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. இஞ்சின் எண்ணெயில் கறுத்து, ரப்பரோடு ரப்பராக ஒட்டிக் கிடந்தது. ஓஸ் குளிர்ந்திருக்கும்போது விறைப்பாக நிமிர்ந்து நிற்கும், கயிற்றால் ஒன்றும் செய்ய முடியாது. சூடேறி ரப்பர் இளகியதும் கயிறு இறுக்கி, மஞ்சள் துண்டு அழுத்தி, ஓசின் குரல்வளை தட்டையாகிவிடுகிறது. ஓட்டை இல்லை, வெடிப்பு இல்லை. அடைப்பு. இரண்டு மாசமாக அவன் கசிவைத் தேடிக்கொண்டிருந்தான்.

அதைவிட வெட்கக்கேடு ஒன்று இருந்தது. இந்தக் கயிற்றை அவன் முதல் நாளே பார்த்தான். இந்த ஊரில் கயிறோ எலுமிச்சம்பழமோ கட்டாத வண்டி உண்டா? பார்த்தவுடனே பயபக்தியோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கை படாமல் அடுத்த ஓசுக்குப் போயிருந்தான். நோயைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மருந்து தேடிய வைத்தியன் ஜில்லாவிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

“கெடச்சிடுச்சுங்க” என்று கட்டிங் பிளேயரை எடுத்தான்.

அருணாதேவி குனிந்து பார்த்தாள். அடுத்த நொடி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். “ஐயோ, வெட்டாதீங்க! அது அம்மா கட்டினது.”

“உங்க அம்மாவா?”

“வைகாசில. வெளிய கட்ட எங்கயும் எடமே இல்ல, எல்லாம் வழவழனு இருக்குனு சொல்லிக்கினு இருந்தாங்க. இங்க வந்து கட்டியிருக்காங்க, பாருங்க. சூடு பட்டுக் கருகிடக் கூடாதுனு எடம் தேடி…” அவள் கையை எடுத்துக்கொண்டாள். “வேண்டுதல் கயிறுங்க. நெறவேறுனாதான் அவுக்கணும். நடுவுல அவுத்தா வேண்டினதே அத்துப்போயிடும்னு சொல்வாங்க.”

“இன்னா வேண்டுதல்?”

அவள் பொரி கடையைப் பார்த்தாள். பொரி கடையில் பார்க்க ஒன்றும் இல்லை. “இந்த வண்டியில ஏறுனவன்லாம் கல்யாணம் ஆகிப் போறான், ஓட்டுறவளுக்கு மட்டும் ஆகலயேனு. அவ்ளோதான்.”

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மணிவேல் பிளேயரைப் பையில் போட்டான். அவனுக்கு ஒரு வழி தெரியும். ஓசின் ஒரு முனையைக் கழற்றினால், கயிற்றை விரலிலிருந்து மோதிரத்தை உருவுகிற மாதிரி உருவிவிடலாம். முடிச்சு முடிச்சாகவே இருக்கும், வேண்டுதலுக்கும் பங்கமில்லை. இரண்டு நிமிஷ வேலை. அவள் ஞாயிற்றுக்கிழமை குளுகுளுவென்று மாப்பிள்ளையைக் கொண்டுபோய் இறக்குவாள். ‘ரொம்ப தேங்க்ஸ்ங்க’ என்பாள். அப்புறம் அவனுக்கு மிச்சம், புகை வாசனை போகாத ஒரு ஷெட்.

சொல்லாமல் இருக்கலாம். ஆனால் அவள் தொழில் அதில் நிற்கிறது.

“முடிச்ச அவுக்காமலே எடுத்துடலாம்ங்க. ஓசக் கழட்டி அப்படியே உருவி, வேற எடத்துல மாட்டிடலாம். ஒண்ணும் ஆவாது” என்றான்.

“அப்பாடா. அப்போ பண்ணிடுங்க.”

“பண்ணிடலாம்.” அவன் கை நகரவில்லை. “ஆனா எனக்கு அப்படிக் கழட்ட மனசு வரலங்க.”

“ஏன்?”

மணிவேல் இதுவரை ஆயிரம் வண்டிகளுக்குக் காரணம் சொல்லியிருக்கிறான். கேஸ் கம்மி, கம்ப்ரசர் அவுட், ஃபில்டரில் எலி. இந்தக் காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. கடைசியில் இஞ்சினைப் பார்த்தே சொன்னான், அவளைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல்.

“நெறவேறிடுச்சுனு சொல்லியே அவுக்கலாமானு ஒரு எண்ணம்.”

சாரல் திரும்பவும் நாலு துளி போட்டது. துளிகள் இஞ்சினில் விழுந்து ‘ஸ்’ என்று மறைந்தன. மணிவேலின் மனசுக்குள் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: இப்போது சொல்வாள் பார், ‘அண்ணா’ என்று.

“உங்களுக்கு பயமா இல்லயா?” என்று கேட்டாள்.

மணிவேல் கையை நீட்டிக் காட்டினான். மீட்டர் முள்ளைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், தொழில்முறையாக. “ம்… அப்போ உண்மையான மாப்பிள்ளைதான்” என்றாள். உதட்டோரம் சிரிப்பு வந்து, வெளியே வராமல் நின்றது. “நான் வண்டி ஓட்டறத விட மாட்டேன்.”

“எனக்கு இத ஓட்டவே தெரியாதுங்க. ஏறி எறங்குறதே கஷ்டமா இருக்கு.”

“ஏசி ரிப்பேரு பாக்கச் சொன்னா நீங்க பாத்த வேலைய…” என்று பானட்டை இறக்கிச் சாத்தினாள்.

“அவுக்கலயே இன்னும்?”

“நீங்களும் அவுக்கக் கூடாது, நானும் அவுக்கக் கூடாது. கட்டுனவங்கதான் அவுக்கணும். ஏறுங்க, போலாம்.”

குபேர லிங்கத்தைத் தாண்டி, ஊருக்குள் புகுந்து, செஞ்சி ரோட்டைப் பிடித்து, கீழ்பென்னாத்தூர் வரைக்கும் காற்று கண்ணாடிக்கே அடித்தது. எந்த ஏசி மெக்கானிக்கும் ஒரு நாளும் இப்படி வேர்த்திருக்க மாட்டான். சட்டை முதுகோடு ஒட்டியது. வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது. இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லைகள் பனிக் கண்ணாடிக்குப் பின்னால் பச்சைப் புகையாக ஓடின. வைப்பர் போகும்போது உலகம் வந்தது, வரும்போது போயிற்று. அவன் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. மாப்பிள்ளைகள் ஏன் துடைத்துக்கொள்வதில்லை என்று அவனுக்கு இப்போது தெரிந்தது. கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

தங்கம்மாள் வாசலில் மிளகாயைக் காயப்போட்டவள், சாரலுக்குப் பயந்து அள்ளிக்கொண்டிருந்தாள். மகள் இறங்கி வந்து காதருகில் ஏதோ சொன்னாள். அவன் வலது காலை வெளியே வைத்து, இடது காலை மறந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நாலாவது முயற்சியில் வெளியே வந்து நிமிரும் வரை தங்கம்மாள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீதான் ஏசி பண்ற புள்ளயா? இன்னாப்பா, குளத்துல வுழுந்தவன் மாதிரி நிக்கிற?”

“காத்து கண்ணாடிக்கு மட்டும் வருதும்மா.”

“நான் கட்டுனதாலயாமே?”

மணிவேல் அவசரமாகத் தலையாட்டினான். “இல்லம்மா. நீங்க நல்ல எடம் பாத்துதான் கட்டியிருக்கீங்க. ரப்பர்தான் கொஞ்சம் இளகிப்போச்சு.”

தங்கம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் அங்கே நிற்கவில்லை. காரில் ஏறி இஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், ஊர்வலம் கிளம்பக் காத்திருக்கிறவள் மாதிரி. தங்கம்மாள் மிளகாய்க் கையைப் புடவையில் துடைத்தாள். கிழக்கே பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். பிறகு, மணிவேல் தூக்கிவிட்ட பானட்டுக்குள் குனிந்து, எண்ணெயில் ஊறிய முடிச்சை நகத்தால் நெம்ப ஆரம்பித்தாள். முதல் முடிச்சு எளிதில் வந்தது. இரண்டாவது வரவில்லை.

“இந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துப் புடி” என்றாள்.

அவன் பிடித்தான். அவன் விரலும் அந்த அம்மாளின் விரலும் சேர்ந்து கொஞ்ச நேரம் மல்லுக்கட்டின.

“உனக்குக் காரம் ஜாஸ்தி வேணுமா, கம்மியா?” என்று முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“எப்படி இருந்தாலும் சாப்புடுவேம்மா.”

“அப்படிச் சொல்றவன நம்பக் கூடாது. ஒழுங்கா சொல்லு.”

“கம்மி.”

கயிறு விட்டுக்கொடுத்தது. தட்டையாகிக் கிடந்த ஓஸ், மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுகிறவன் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு நிமிர்ந்தது. காருக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பானட்டைச் சாய்த்துப் பிடித்தபடி மணிவேல் கண்ணாடி வழியாகப் பார்த்தான். பனி ஓரத்திலிருந்து விலகிக்கொண்டே வந்தது. விலகிய இடத்தில், அருணாதேவியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடி ஒவ்வொன்றாகப் பிரிந்து, மெதுவாகக் காற்றில் எழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“பாத்தது போதும்” என்றாள் தங்கம்மாள். “எண்ணெய்க் கை, சோப்பு போட்டுக் கழுவிட்டு வா. சோறு ஆறிடப் போவுது.”